முன்பணம் யார் கையில்?

(பர்லியாரில் தோட்டத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வுக்காகக் கூட்டம் போட்டிருக்கிறோம். போனஸுக்காகவும் போட்டிருக்கிறோம். அவையெல்லாம் அவசியமானவை, இனியும் போடுவோம். ஆனால் வாங்கிய கூலி வீட்டுக்கு வந்த பிறகு எந்த வழியாக வெளியே போகிறது என்பதை நாம் உட்கார்ந்து பேசியது குறைவு. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பல குடும்பங்கள் ஒன்று சேர்ந்து, விளைவிக்கிறவனிடமே நேராகச் சாமான் வாங்குவது எப்படி? அதனால் வாங்குகிறவனுக்கு என்ன நன்மை? விளைவிக்கிறவனுக்கு என்ன நன்மை? இதுதான் விஷயம்.

நாம் கூடியிருக்கும் இந்த இடத்தையே பாருங்கள். மேலே குன்னூர், கீழே மேட்டுப்பாளையம், நடுவில் பர்லியார். இந்த மலைப்பாதை வழியாக உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் முட்டைக்கோஸும் லாரி லாரியாகக் கீழே இறங்குகின்றன. மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் நடக்கிறது. கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்குக்காசு எல்லாம் கழிந்து மீதிதான் மலை விவசாயியின் கைக்கு வருகிறது. அங்கிருந்து மொத்த வியாபாரி, பிறகு சில்லறை வியாபாரி. கடைசியில் கீழே இருக்கும் ஆலைத் தொழிலாளி கால் கிலோ, அரை கிலோவாக வாங்குகிறான். பர்லியாரில் இருக்கிறவனும் மேட்டுப்பாளையம் சந்தைக்குப் பஸ் ஏறிப் போய், தன் கண்ணெதிரே இறங்கிப் போன அதே கிழங்கைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, பஸ் சத்தமும் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வருகிறான்.

இதை மாற்ற முடியாதா? முடியும். ஆனால் எங்கே பிடித்தால் மாறும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு முனையிலும் ஒரே கயிறு

இடையிலே இருக்கிற வியாபாரிக்கு எதனால் இவ்வளவு பலம்? லாரி இருப்பதால் என்பார்கள் சிலர். லாரி வாடகைக்குக் கிடைக்கும். அவருக்கு மார்க்கெட் தெரியும் என்பார்கள் வேறு சிலர். இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையே செல்போனில் விலையைப் பார்த்துச் சொல்லி விடுகிறது. அவருடைய பலம் வேறு. அதற்குப் பெயர் முன்பணம்.

விவசாயிக்கு விதைக்கிழங்கு வாங்கப் பணம் வேண்டும். உரம் வாங்கப் பணம் வேண்டும். பாங்கிக்குப் போனால் பட்டா எங்கே, ஜாமீன் எங்கே என்கிறார்கள். மண்டிக்காரர் அதெல்லாம் கேட்பதில்லை. "எடுத்துக்கொண்டு போ; சரக்கை மட்டும் நம் மண்டிக்கே அனுப்பிவிடு" என்கிறார். அன்றைக்கே விவசாயி விலை பேசும் உரிமையை விட்டுக் கொடுத்து விடுகிறான். பழமரத்துக்கும் இதே கதைதான். பலாவானாலும் மிளகுக் கொடியானாலும், பூ விடும்போதே ஒரு தொகையைக் கொடுத்து மகசூலைப் பேசி முடித்து விடுகிறார்கள். காய்த்த பிறகு விலை ஏறினாலும் மரக்காரனுக்கு அதில் பங்கு கிடையாது.

இந்த முனையில் நாம் இருக்கிறோம். நமக்கும் ஒரு முன்பணம் இருக்கிறது. அதன் பெயர் பற்றுப் புத்தகம். பத்தாம் தேதிக்குள் சம்பளம் தீர்ந்து விடுகிறது. மீதி நாளுக்குக் கடையில் கடன். கடனுக்கு வாங்குகிறவன் எடையைப் பற்றிக் கேட்க முடியுமா? கல் கலந்த பருப்பைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? பக்கத்துக் கடையில் இரண்டு ரூபாய் குறைவு என்றாலும் அங்கே போக முடியுமா? கடைக்காரர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. பல சமயங்களில் அவரும் மொத்த வியாபாரிக்குக் கடன்பட்டவர்தான்.

ஆகவே தோழர்களே, விளைவிக்கிறவன் ஒரு முனையில் கட்டுண்டு கிடக்கிறான். உண்கிறவன் மறுமுனையில் கட்டுண்டு கிடக்கிறான். இரண்டு முனையிலும் ஒரே கயிறு. கூட்டாகச் சாமான் வாங்குவது என்றால் வெறுமனே பத்துப் பேர் சேர்ந்து ஒரு மூட்டை வாங்குவது அல்ல. முன்பணம் கொடுக்கிற இடத்தை வியாபாரியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வது. இதைச் செய்த இடங்களில் காரியம் நிலைத்தது. செய்யாத இடங்களில் படுத்துவிட்டது.

ராச்டேல் நெசவாளர்கள் கற்றுக்கொடுத்தது

இங்கிலாந்தில் ராச்டேல் என்று ஒரு ஆலை நகரம். 1844ஆம் ஆண்டில் அங்கே 28 பேர், நெசவாளர்களும் வேறு தொழிலாளிகளும், கூட்டாக ஒரு கடை திறந்தார்கள். கூலி உயர்வுக் கோரிக்கையில் தோல்வி கண்டவர்கள் அவர்களில் பலர். வாரத்துக்கு இரண்டு பென்ஸ் வீதம் வயிற்றைக் கட்டிச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுனாக 28 பவுன் முதல் போட்டார்கள். டிசம்பர் 21ஆம் தேதி கடை திறந்தபோது உள்ளே இருந்த சரக்கு கொஞ்சம் வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி. ஊரில் பலரும் சிரித்தார்கள்.

அவர்களுக்கு முன்னும் தொழிலாளர் கடைகள் திறக்கப்பட்டதுண்டு. அவற்றில் பல கடன் கொடுத்தே மூழ்கின. ராச்டேல்காரர்கள் இரும்பு போன்ற ஒரு விதி வைத்தார்கள்: ரொக்கம் கொடுத்தால்தான் சாமான். கலப்படம் இல்லை, எடைக் குறைவு இல்லை. மீந்த லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்றபடி திருப்பிப் பிரித்துக் கொடுத்தார்கள். உலகத்தில் இன்றுள்ள நுகர்வோர் கூட்டுறவுகள் பெரும்பாலும் அந்த விதிகளைப் பார்த்து நடப்பவையே. நம் சென்னையில் 1904இல் ஆரம்பித்த திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால் பண்டகசாலையில் ஒரு குறை உண்டு. அது வாங்குகிறவனுடைய நன்மையை மட்டும் பார்க்கிறது. குறைந்த விலைக்கு யார் கொடுப்பார்கள் என்று தேடுகிறது. அப்படித் தேடினால் விளைவிக்கிறவன் தலையில்தான் கை வைக்க நேரும். விளைவிக்கிறவனும் நம்மைப் போன்ற உழைப்பாளி என்றால் இது நியாயமா? இந்தக் கேள்விக்குப் பதில் கண்டவர்கள் பின்னால் வந்தார்கள்.

ஜப்பான் தாய்மார்களின் பால்

1965இல் ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில், செடகாயா என்ற பகுதியில், சுமார் 200 பெண்கள் சேர்ந்து 300 புட்டிப் பாலைக் கூட்டாக வாங்கத் தொடங்கினார்கள். பால் விலை ஏறியதுதான் காரணம். அதற்குச் செய்காட்சு சங்கம் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு 'வாழ்க்கை' என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு. என்ன சாமான், எத்தனை என்பதை ஒரு மாதம் முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். குழுவுக்கு மொத்தமாகச் சரக்கு வரும்; அவர்களே பிரித்துக்கொள்ள வேண்டும்.

முன்னதாகவே எழுதிக் கொடுப்பதில் என்ன விசேஷம்? விளைவிக்கிறவனுக்கு எவ்வளவு போகும் என்று தெரிந்து விடுகிறது. விற்காமல் அழுகுமோ என்ற பயம் இல்லை. அந்தப் பயம் இல்லாதபோது கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய அவசரமும் இல்லை. யமகட்டா மாகாணத்தில் யூசா என்ற ஊர் விவசாயிகளோடு அரிசிக்காக 1970களில் ஏற்பட்ட தொடர்பு பல பத்தாண்டுகள் நீடித்தது. பாலுக்காகத் தொடங்கிய பெண்கள் பிற்காலத்தில் பால் உற்பத்தியாளர்களோடு சேர்ந்து சொந்தமாகப் பால் பதப்படுத்தும் தொழிற்சாலையே அமைத்தார்கள்.

ரோஸர்னோ ஆரஞ்சு

இத்தாலியில் நடந்ததை விவசாயத் தொழிலாளர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அங்கே 1994இல் ஃபிதென்ஸா என்ற ஊரில் முதல் 'ஒற்றுமைக் கொள்முதல் குழு' ஏற்பட்டது. பிறகு நாடெங்கும் நூற்றுக்கணக்கில் பெருகின. சில பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழு. எண்ணெய்க்கு ஒருவர், பாலாடைக்கட்டிக்கு ஒருவர், பழத்துக்கு ஒருவர் என்று பொறுப்புப் பிரித்துக்கொள்கிறார்கள். பொறுப்பாளர் விளைவிக்கிறவனை நேரில் போய்ப் பார்த்து, எப்படி விளைவிக்கிறான், வேலையாட்களை எப்படி நடத்துகிறான் என்று விசாரித்து வருகிறார். ஆர்டர் சேர்க்கிறார்கள், சரக்கு ஒரு வீட்டு வாசலிலோ கொட்டகையிலோ வந்து இறங்குகிறது, அங்கே கூடிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். உழைப்புக்குச் சம்பளம் கிடையாது, லாபமும் வைப்பதில்லை. 2007 டிசம்பரில் நிறைவேறிய நிதிச் சட்டத்தில் இத்தகைய குழுக்கள் வியாபாரம் அல்ல என்று இத்தாலி சர்க்காரே ஒப்புக்கொண்டது.

அந்த நாட்டின் தென்கோடியில் கலாப்ரியா மாகாணம். அங்கே ரோஸர்னோ என்ற ஊரைச் சுற்றி ஆரஞ்சுத் தோட்டங்கள். பழம் பறிப்பவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாழடைந்த தொழிற்சாலைக் கட்டடங்களில் தண்ணீரும் விளக்கும் இல்லாமல் படுத்துக் கிடந்தார்கள். நாள் முழுவதும் வேலை. கூலி சுமார் 25 யூரோ. அதிலும் கங்காணி பங்கு எடுத்துக்கொள்வான். 2010 ஜனவரியில் அவர்கள் மீது துப்பாக்கியால் சுட்டார்கள். தொழிலாளர்கள் கொதித்து எழுந்தார்கள். பதிலுக்கு அவர்களைத் தாக்கினார்கள். கடைசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஊரிலிருந்தே அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

தோட்டக்காரர்களில் சிறியவர்களை விசாரித்தால் அவர்களும் அழுதார்கள். பழச்சாறு கம்பெனிகள் கிலோவுக்குச் சில சென்ட்தான் கொடுத்தன. அந்த விலையில் பறிப்புக் கூலிகூடக் கட்டாது. இப்போது பாருங்கள்: கம்பெனி தோட்டக்காரனை நசுக்குகிறது, தோட்டக்காரன் கூலிக்காரனை நசுக்குகிறான்.

அடுத்த ஆண்டில் சில சிறு தோட்டக்காரர்களும், ஆப்பிரிக்கத் தொழிலாளர்களும், ஊர்ப் பொது ஊழியர்களும் சேர்ந்து 'எஸ்.ஓ.எஸ். ரோஸர்னோ' என்ற சங்கத்தை ஏற்படுத்தினார்கள். ஆரஞ்சுப் பழத்தை ஒற்றுமைக் கொள்முதல் குழுக்களுக்கு நேராக அனுப்பினார்கள். நிபந்தனை ஒன்று: பறிக்கிறவனுக்குச் சட்டப்படியான ஒப்பந்தம், சட்டப்படியான கூலி. விலையில் தோட்டக்காரனுக்கு எவ்வளவு, பறிப்புக் கூலி எவ்வளவு, பெட்டிக்கு எவ்வளவு, லாரிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குகிறவனுக்குக் காட்டினார்கள். கூலி என்பது விலைச்சீட்டிலேயே ஒரு வரியாக எழுதப்பட்டது! நமக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. விளைவிக்கிறவனுக்கு நல்ல விலை கொடுத்தால் மட்டும் போதாது. அந்த விலையில் களை எடுக்கிறவள் கூலியும், கொழுந்து பறிக்கிறவள் கூலியும் அடங்கியிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

நம் மலையில்

வெளிநாட்டுக் கதை போதும். நம் நீலகிரிக்கு வருவோம். இங்கே விளைவிக்கிறவர்கள் ஒன்று சேர்ந்தது புதிதல்ல. உதகையில் கூட்டுறவு விற்பனைச் சங்கம் 1935இலேயே ஏற்பட்டது. தேயிலையில் 1962இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தொழிற்சாலை வந்தது. 1965இல் 'இன்கோசர்வ்' என்ற தலைமைச் சங்கம் அமைந்தது. பிற்காலத்தில் பதினாறு தொழிற்சாலைகளும், ஏறக்குறைய முப்பதாயிரம் சிறு தேயிலை விவசாயிகளும் அதில் சேர்ந்தார்கள். பெரிய காரியம்.

அப்படியிருந்தும் என்ன ஆயிற்று? இந்த மலைத் தேயிலையில் பெரும் பகுதியை ஒரு காலத்தில் சோவியத் யூனியன் வாங்கியது. 1991இல் அந்த நாடு கலைந்தபோது அந்த மார்க்கெட்டும் கலைந்தது. 1990களின் கடைசியில் பச்சை இலை விலை சரிய ஆரம்பித்து, 2000 வாக்கில் கிலோ ஐந்து ரூபாய் அளவுக்கு விழுந்தது. பறிப்புக் கூலிக்கே காணவில்லை. விவசாயிகள் ரோட்டுக்கு வந்து போராடினார்கள். இலை என்பது பறித்த அன்றே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டிய சரக்கு. அதைப் பரணில் போட்டு வைத்து விலை பேச முடியாது. விளைவிக்கிறவர்கள் ஒன்று சேர்ந்திருந்தார்கள். ஆனால் குடிக்கிறவர்கள் ஒன்று சேர்ந்திருக்கவில்லை. அதனால் தூள் ஏலத்துக்குப் போனது. ஏலத்திலோ பெரிய கம்பெனிகள் வைத்ததே விலை.

அந்த நெருக்கடியில் உண்டான ஒரு நல்ல ஏற்பாடு 'ஊட்டி டீ'. கூட்டுறவுத் தொழிற்சாலைத் தூளைப் பாக்கெட் போட்டு ரேஷன் கடை வழியாக விற்றார்கள். இது என்ன? ரேஷன் கார்டு வைத்திருக்கும் குடும்பங்கள் சர்க்கார் மூலமாகச் செய்யும் கூட்டுக் கொள்முதல்தான்! ஏலம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு பங்கு சரக்குக்கு இடம் இருக்கிறது என்றால் அதற்கு மதிப்பு உண்டு. உழவர் சந்தையும் இப்படித்தான். 1999 நவம்பரில் மதுரையில் ஆரம்பித்து, குன்னூர் வரைக்கும் வந்தது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேரே விற்க இடம் கிடைத்தது. கோத்தகிரியில் 2013 முதல் 'ஆதிமலை' என்று பழங்குடியினரே பங்குதாரர்களாக உள்ள கம்பெனி ஒன்று தேனும் மிளகும் காப்பியும் சேர்த்து விற்கிறது.

இவையெல்லாம் ஒரு முனையில் நடந்த முயற்சிகள். மறுமுனையில் நாம் சேர வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம்

ஒரு உதாரணக் கணக்கு சொல்கிறேன். இது மார்க்கெட் விலைப் பட்டியல் அல்ல, விளங்குவதற்காக மட்டும். கடையில் கிழங்கு கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விவசாயி கையில் நின்றது 25. நடுவில் 35 ரூபாய். நாற்பது குடும்பம் சேர்ந்து விவசாயிக்கு 38 கொடுக்கிறோம். லாரிக்கும் சாக்குக்கும் 5, அழுகலுக்கு 2. மொத்தம் 45 ஆகிறது. நமக்குக் கிலோவுக்கு 15 மிச்சம். விவசாயிக்கு 13 அதிகம்.

இந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. வியாபாரி செய்து வந்த வேலையை நாம் செய்கிறோம்: ஆர்டர் எழுதுகிறோம், சுமக்கிறோம், நிறுக்கிறோம், அழுகலைப் பொறுக்குகிறோம். இதை மறந்து, "சேர்ந்தால் சாமான் மலிவு" என்று மட்டும் சொல்லி ஆரம்பித்தால் மூன்றாவது வாரம் ஒருத்தரும் வரமாட்டார்கள்.

எப்படி நடத்துவது?

முதலாவது, முன்பணம். நமக்கு ஏது பணம் என்பீர்கள். ராச்டேல்காரனுக்கும் இல்லைதான். நம் பெண்களுக்குச் சீட்டுப் போடத் தெரியும். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. வாரம் இருபது ரூபாயை இதற்கென்று தனியாக ஒதுக்கினால், நாற்பது குடும்பத்துக்கு வாரம் எண்ணூறு. ஒரு வருஷத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல். ஒன்றிரண்டு சிறு விவசாயிகளுக்கு விதைக்கிழங்குச் செலவில் கைகொடுக்க அது போதும். அன்றைக்கு அந்த விவசாயி மண்டிக்காரர் முன்னால் நிமிர்ந்து நிற்பான்.

இரண்டாவது, கடன் இல்லை. ஆர்டர் எழுதும்போதே பணம். பற்றுப் புத்தகத்தை இங்கேயும் திறந்தால் ஆறு மாதத்தில் கதவு சாத்த வேண்டியதுதான். மிகவும் முடியாத குடும்பத்துக்குச் சீட்டுப் பணத்திலிருந்து கைமாற்றாகக் கொடுங்கள். சாமானைக் கடனாகக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, கொஞ்சமாகத் தொடங்க வேண்டும். சீக்கிரம் கெடாத மூன்று சாமான்கள்: உருளைக்கிழங்கு, பூண்டு, தேயிலைத் தூள். கீரையும் தக்காளியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான்காவது, விவசாயியிடம் அடித்துப் பேசக் கூடாது. பேசிய பிறகு பின்வாங்கவும் கூடாது. மண்டியில் விலை இறங்கிய வாரம் "அங்கே மலிவு" என்று நாம் ஓடினால், விலை ஏறிய வாரம் அவன் நம்மை விட்டு ஓடுவான். பொடிக்கிழங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மகசூலுக்கு ஒரு விலை. இரண்டு பக்கமும் கையெழுத்து.

ஐந்தாவது, கூலியைக் கேட்க வேண்டும். நமக்கு விற்கிற விவசாயி தன்னிடம் வேலை செய்கிறவளுக்கு என்ன கூலி கொடுக்கிறான் என்பது விலைச்சீட்டில் இருக்க வேண்டும். பெண் கூலி, ஆண் கூலி என்ற வித்தியாசம் இருந்தால் அதையும் கேட்க வேண்டும். ரோஸர்னோவில் முடிந்தது இங்கே முடியாதா?

ஆறாவது, கணக்கு. பணம் வாங்குகிறவர் ஒருவர், எழுதுகிறவர் வேறொருவர். மாதம் ஒரு முறை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்டுக் கேள்வி போட வேண்டும். தராசு பொதுவில் இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மயக்கம் வேண்டாம். கூட்டுக் கொள்முதல் கூலிப் போராட்டத்துக்குப் பதில் அல்ல. "உங்களுக்குத்தான் சாமான் மலிவாகக் கிடைக்கிறதே, கூலி எதற்கு?" என்று எஸ்டேட் நிர்வாகமோ ஆலை நிர்வாகமோ கேட்க இடம் கொடுக்கக் கூடாது. ரேஷனுக்கும் இது பதில் அல்ல. அரிசியும் சர்க்கரையும் கொடுக்கிற பொறுப்பைச் சர்க்கார் கைவிட விடக் கூடாது. ஆனால் கூலிக்காக ஒன்று சேரத் தெரிந்த நாம், அந்தக் கூலியைச் செலவழிக்கும்போது மட்டும் ஏன் ஒவ்வொருவராகத் தனியே போய் நிற்க வேண்டும்?

மேலே விளைவிக்கிறவனும் கீழே ஆலையில் நூல் இழுக்கிறவனும் இதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இருவரையும் லாரிச் சீட்டுதான் அறியும். இந்த ரோட்டின் நடுவில் இருக்கும் பர்லியார் அவர்களைச் சந்திக்க வைக்கத் தகுந்த இடம்.

ஆகவே என் யோசனை இது. இன்றே நாற்பது பெயர் வேண்டியதில்லை. பர்லியாரில் பதினைந்து குடும்பம், கீழே ஆலைத் தோழர்கள் குடியிருப்பில் பதினைந்து குடும்பம் போதும். தாய்மார்களில் இருவர், ஆண்களில் இருவர் மேலே போய் நாலைந்து சிறு விவசாயிகளைப் பார்த்துப் பேசி வரட்டும். சீட்டு இந்த வாரமே ஆரம்பிக்கட்டும். முதல் மூட்டை வர இரண்டு மாதம் ஆனாலும் பாதகமில்லை. பணம் முன்னால் சேர வேண்டும்.

நோட்டுப் புத்தகம் கொண்டு வந்திருக்கிறேன். கேள்வி இருக்கிறவர்கள் முதலில் கேளுங்கள். பெயர் கொடுக்கிறவர்கள் அப்புறம் கொடுக்கலாம்.